நிலமா, முதலீடா? வேளாண் நிலம் வாங்கி விற்கும் நிறுவனத்தின் சட்ட இயல்பும் விருதுநகர்க் கரிசல் புன்செயும்

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் நிலத்தை வாங்கி, மேம்படுத்தி, சாகுபடி செய்து, விற்பதாகக் கூறிய பி.ஏ.சி.எல். நிறுவனம் 49,100 கோடி ரூபாய் திரட்டியதாக இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் (செபி) 2014இல் கண்டறிந்தது. அந்நிறுவனம் நடத்தியது நில விற்பனையா, கூட்டு முதலீட்டுத் திட்டமா என்ற வழக்கு 14 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அவ்வினாவின் சட்டப் பொருளை விளக்கும் இக்கட்டுரை, அதற்கான விடை கிராம நிலக் கணக்குகளிலேயே உள்ளது என்பதை விருதுநகர் மாவட்டப் புன்செய் நிலத்தின் இயல்பைக் கொண்டு எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பி.ஏ.சி.எல்., கூட்டு முதலீட்டுத் திட்டம், கிரையம், அனுபோகம், அடங்கல், கரிசல், விருதுநகர், சிவகாசி

முன்னுரை

நிலத்தை விற்பவர் விற்றபின் விலகிக்கொள்வது வழக்கம். கிரையப் பத்திரம் பதிவானதும், நான்கெல்லைக்கு உட்பட்ட அந்நிலத்தைச் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவிக்கும் உரிமை வாங்கியவருக்குச் சேர்கிறது. விற்றவரே அந்நிலத்தில் தொடர்ந்து இருந்து, அதை மேம்படுத்தி, பயிரிட்டு, சில ஆண்டுகள் கழித்து நல்ல விலைக்கு விற்றுத் தருவதாகவும் கூறினால் அங்கு நடந்தது விற்பனைதானா என்ற ஐயம் எழும். இந்திய நீதிமன்றங்களின் முன் இவ்வையம் 1999 முதல் 2016 வரை பல வடிவங்களில் வந்தது. அதற்குக் காரணமான பி.ஏ.சி.எல். நிறுவனம் 1996இல் ஜெய்ப்பூரில் குர்வந்த் அக்ரோடெக் என்ற பெயரில் பதிவானது. பேர்ல்ஸ் குழுமத்தைச் சேர்ந்த இந்நிறுவனத்தை நிர்மல் சிங் பாங்கூ வழிநடத்தினார்.

இந்நிறுவனத்தைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை மோசடியின் அளவையே பேசுகின்றன. ஒரு கேள்வி அவற்றில் விடுபட்டுவிடுகிறது. ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் தாம் நிலம் வாங்கியதாக எவ்வாறு நம்பினர்? பேராசை என்று கூறி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் திரண்ட தொகையைச் செபி கூறிய 5.85 கோடி வாடிக்கையாளர்க்குப் பகிர்ந்தால் ஒருவருக்குச் சராசரியாக 8,400 ரூபாய்க்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. இதைப் பேராசையின் அளவாகக் கொள்ள இயலவில்லை. சிறுசேமிப்பின் அளவாகவே கொள்ள வேண்டும்.

தவணையில் நிலம்

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. வாடிக்கையாளர் முழுத்தொகையையும் ஒரே முறையில் செலுத்தலாம், அல்லது தவணை முறையில் செலுத்தலாம். அதற்கு ஈடாக இத்தனை சதுர கெஜம் வேளாண் நிலம் அவருக்கு ஒதுக்கப்படும். நிலத்தை மேம்படுத்திப் பராமரிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஒப்பந்தக் காலம் முடியும்போது நிலத்தின் 'மதிப்பிடப்பட்ட விலை' எவ்வளவாக இருக்கும் என்பது தொடக்கத்திலேயே காட்டப்படும். அப்போது அவர் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது அதற்கான தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். முகவர்கள் தரகு அடிப்படையில் ஊர்தோறும் பணம் திரட்டினர்.

இவ்வமைப்பில் கவனிக்கத்தக்கது அளவுக்குரிய சொல்லாகும். தென்மாவட்ட உழவர் நிலத்தைக் குறுக்கம் என்றோ ஏக்கர் என்றோ செண்டு என்றோ அளப்பார். சதுர கெஜத்தில் அளப்பதில்லை. ஓர் ஏக்கர் என்பது 100 செண்டு, அதாவது 4,840 சதுர கெஜம். எனவே 150 சதுர கெஜம் என்பது ஏறத்தாழ மூன்று செண்டு. வீட்டுமனைக்கு இது பொருந்தும் அளவு. மானாவாரிப் புன்செயில் மூன்று செண்டைத் தனியே உழ முடியாது. டிராக்டர் திரும்பவே அவ்விடம் போதாது. அப்படிப்பட்ட துண்டுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் கிடந்து, ஒருவரே அவை அனைத்தையும் சேர்த்து உழுதால்தான் வேளாண்மை என்ற சொல்லுக்கு அங்குப் பொருள் இருக்கும். அந்நிலையில் என் துண்டு எது, உன் துண்டு எது என்ற வேறுபாடு மறைந்துவிடும். விளைச்சலும் செலவும் இழப்பும் பொதுவாகிவிடும். பின்னர் சட்டம் 'கூட்டு' என்று பெயரிட்டது இந்நிலைக்குத்தான்.

செபி 2014 ஆகஸ்டு 22 அன்று பிறப்பித்த ஆணையின்படி, மொத்த வாடிக்கையாளருள் 1.22 கோடிப் பேருக்கு நிலம் ஒதுக்கப்பட்டதாக நிறுவனம் கூறியது. எஞ்சிய 4.63 கோடிப் பேருக்கு ஒதுக்கீடே நடைபெறவில்லை. பணம் செலுத்தியும், எந்தக் கிராமம், எந்தச் சர்வே எண் என்பதை அறியாமல் அவர்கள் 'நில உடைமையாளர்' எனக் காத்திருந்தனர்.

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு இவ்விடத்தில் மிகத் தெளிவானது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வழியேதான் நிறைவேறும். விற்பதற்கான ஒப்பந்தம் அச்சொத்தில் எவ்வித உரிமையையும் தானே உண்டாக்காது. பொது அதிகார ஆவணத்தைக் கொண்டு நடைபெறும் 'விற்பனை' உரிமை மாற்றம் ஆகாது என்பதையும் உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் 2011இல் உறுதிப்படுத்தியது. ஆகவே ஒதுக்கீட்டுக் கடிதமும் தவணை ரசீதும் மட்டும் வைத்திருந்தவரிடம் நிலம் இல்லை. நிலம் பற்றிய வாக்குறுதியே இருந்தது.

நான்கு கூறுகள்

தேக்குத் தோட்டம், மாந்தோப்பு என்ற பெயர்களில் பொதுமக்களிடம் பணம் திரட்டும் நிறுவனங்கள் 1990களில் பெருகின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998இல் சரிந்தது தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட நிகழ்வாகும். இத்தகைய திட்டங்களைக் கூட்டு முதலீடாகக் கருதி ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நடுவண் அரசு 1997 நவம்பரில் முடிவு செய்தது, எஸ்.ஏ. தவே தலைமையிலான குழு விதிகளை ஆராய்ந்தது. 1999 அக்டோபரில் கூட்டு முதலீட்டுத் திட்ட ஒழுங்குமுறைகள் வெளிவந்தன. தொடர்ந்து செபி சட்டத்தில் 11ஏஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

அப்பிரிவு ஒரு திட்டத்தைக் கூட்டு முதலீடு என்று கொள்வதற்கு நான்கு கூறுகளைக் கேட்கிறது. பலர் செலுத்தும் தொகை ஒன்றாகத் திரட்டப்பட்டுப் பயன்படுத்தப்பட வேண்டும். இலாபம், வருவாய், விளைபொருள், சொத்து ஆகியவற்றுள் ஒன்றைப் பெறும் நோக்கில் அத்தொகை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அச்சொத்தை முதலீட்டாளர் சார்பில் மற்றொருவர் நிர்வகிக்க வேண்டும். அன்றாட நிர்வாகத்தில் முதலீட்டாளருக்குக் கட்டுப்பாடு இருத்தல் கூடாது. இவற்றுள் கடைசிக் கூறே இக்கட்டுரையாளர் கருத்தில் முதன்மையானது. மற்ற மூன்றும் அதனைச் சூழ்ந்து நிற்பவை.

இக்கோட்பாடு இந்தியாவில் தோன்றியதன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஹோவி நிறுவனம் ஆரஞ்சுத் தோப்புகளைச் சிறு துண்டுகளாக விற்றது. வாங்கியோருள் பெரும்பாலோர் வெளிமாநிலத்தவர். பழமரம் வளர்க்கத் தெரியாதவர்கள். நிலத்துடன் பராமரிப்பு ஒப்பந்தமும் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. பராமரிப்புப் பணியை ஹோவியுடன் ஒரே கட்டுப்பாட்டில் இயங்கிய இணை நிறுவனமே செய்தது. விளைச்சல் மொத்தமாகத் திரட்டப்பட்டு, வருவாய் பகிரப்பட்டது. நீதிபதி பிராங்க் மர்பி எழுதிய 1946ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இதனை நில விற்பனையாகக் கொள்ளாமல் முதலீட்டு ஒப்பந்தமாகவே கொண்டது. நிலப் பத்திரம் முறையாகக் கைமாறியிருந்தும் நீதிமன்றம் அதைத் தாண்டிச் சென்று பொருளியல் உண்மையைப் பார்த்தது. ஹோவியிடம் வாங்கியவருக்கு உண்மையாகவே பத்திரமும் மரங்களும் இருந்தன என்பதை நினைவிற்கொண்டால், பி.ஏ.சி.எல். வாடிக்கையாளரின் நிலை அதனினும் எவ்வளவு மெலிந்தது என்பது விளங்கும்.

வழக்கின் நீளம்

செபி 1999 இறுதியிலேயே பி.ஏ.சி.எல். நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பியது. தாம் செய்வது இருவரிடையேயான நில விற்பனை, எனவே செபிக்கு இதில் அதிகாரமில்லை என்று நிறுவனம் இராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தை நாடியது. உயர் நீதிமன்றம் 2003 நவம்பர் 28 அன்று அவ்வாதத்தை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2013 பிப்ரவரி 26 அன்றுதான் அந்நிலையை மாற்றி, செபி விசாரிக்கலாம் எனப் பணித்தது. அடுத்த மாதமே, அதே குழுமத்தின் பி.ஜி.எப். நிறுவனம் தொடுத்த வழக்கில் 11ஏஏ பிரிவு செல்லும் என்றும் தீர்ப்பளித்தது.

இவ்விடைப்பட்ட காலம் பத்தாண்டுக்குச் சற்றுக் குறைவு. உயர் நீதிமன்றத் தீர்ப்பு கையிலிருந்த அக்காலத்தில், செபியின் கட்டுப்பாடு எதுவும் இன்றி நிறுவனம் பணம் திரட்டியது. உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பிறகும், 2013 பிப்ரவரி முதல் 2014 ஜூன் வரை மட்டும் 4,364 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டதாகச் செபியின் ஆணை குறிப்பிடுகிறது. திரட்டிய தொகை வேளாண் நிலத்தோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் உள்ள ஷெரட்டன் மிராஜ் விடுதியைக் குழுமம் 2009இல் வாங்கியது. உழவு நிலத்திற்குச் செலுத்திய தவணைக்கும் கடற்கரை விடுதிக்கும் உள்ள தொடர்பை எந்த ஒதுக்கீட்டுக் கடிதமும் கூறவில்லை.

செபியின் ஆணைக்கு எதிரான மேல்முறையீட்டைப் பங்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2016 ஜனவரியில் பாங்கூ கைது செய்யப்பட்டார். 2016 பிப்ரவரி 2 அன்று, முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையில் ஒரு குழுவை அமைத்து, நிலங்களை விற்றுப் பணத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

கரிசலில் மேம்பாடு என்பது

இந்நிறுவனத்தின் நிலங்கள் பரவியிருந்த பகுதிகளுள் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களும் அடங்கும். வெளியூர் நிறுவனம் ஒன்று இங்கு நிலம் வாங்குவதற்குரிய சூழலைச் சற்று விளக்க வேண்டும். மகாராட்டிரம், குஜராத் முதலிய மாநிலங்களில் உழவர் அல்லாதார் வேளாண் நிலம் வாங்கத் தடை உண்டு. கர்நாடகத்தில் 2020 வரை இருந்தது. தமிழ்நாட்டில் அத்தகைய தடை இல்லை. நில உச்சவரம்புச் சட்டம் மட்டும் உண்டு. 1961ஆம் ஆண்டின் அச்சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு இப்போது 15 தர ஏக்கரை எல்லையாக வைக்கிறது. 'நபர்' என்ற சொல்லுக்குள் நிறுவனத்தையும் அடக்குகிறது. ஆனால் புன்செயில் ஒரு தர ஏக்கர் என்பது பல சாதாரண ஏக்கருக்கு ஈடானது. துணை நிறுவனங்கள் பலவற்றின் பெயரில் பிரித்து வாங்கும்போது உச்சவரம்பு மேலும் நெகிழ்ந்துவிடுகிறது.

1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டங்களும், தெற்கில் சாத்தூர்ப் பகுதியும் பெரும்பாலும் மானாவாரி நிலம். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ.; அதுவும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய், அண்மைக் காலத்தில் மக்காச்சோளம் ஆகியவை இங்கு விளைவன. கோடையில் பிளந்து, ஈரத்தில் கால் புதையும் கரிசல் மண்ணில் உழவுக்குரிய நாள்கள் சிலவே. ஓரிரண்டு ஆண்டு உழாமல் விட்டால் சீமைக்கருவேலம் ஏறிவிடும். அதனை வேரோடு அகற்றல், வரப்பெடுத்தல், பண்ணைக்குட்டை வெட்டல், ஆழ்துளைக் கிணறு இறக்கல் ஆகியவற்றையே இங்கு நிலமேம்பாடு எனலாம். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. நடந்ததா இல்லையா என்பதைப் பக்கத்து நிலத்துக்காரர் சொல்லிவிடுவார். வாடிக்கையாளர் நிலத்தையே பார்த்திராதபோது இவ்வெளிய சோதனையும் இல்லாமற்போகிறது.

இதே வட்டாரத்தில் புன்செய் நிலம் வேளாண்மை அல்லாத வழிகளிலும் பயன்படுகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் பட்டாசு ஆலைகள் வெடிபொருள் விதிகளின்படி குடியிருப்பிலிருந்து விலகியும், அறைக்கு அறை இடைவெளி விட்டும் அமைய வேண்டியவை. அதற்கு மலிவான, திறந்த நிலம் வேண்டும். அண்டையிலுள்ள கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் அமைந்தது. விளையாத நிலத்துக்கும் விலை உண்டு என்ற நம்பிக்கைக்கு இவ்வட்டாரத்தில் அடிப்படை இல்லாமல் இல்லை. தவணை நிலத் திட்டம் அந்நம்பிக்கையை எளிதிற் பயன்படுத்தக்கூடியது. பட்டாசு ஆலையின் கூலி எண்ணிக்கைக் கணக்கில் அமைந்து வார இறுதியில் கைக்கு வருவது. தீபாவளி முடிந்ததும் சில வாரம் வேலை நிற்கும். அவ்வாறு வரும் பணம் சீட்டுக்கும் நகைக்கும் போனபின் எஞ்சுவதைச் சிறிது சிறிதாக நிலமாக்கலாம் என்ற சொல்லுக்கு ஈர்ப்பு மிகுதி.

கட்டுப்பாடு என்ற கூறினை விளக்கவும் பட்டாசுத் தொழிலே ஓர் உவமை தருகிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் பலருக்கு உள்குத்தகையாகப் போவது இத்தொழிலின் நெடுநாள் நோய். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தை ஆராய்ந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயக் குழுவும் அதனைச் சுட்டியது. அங்கு ஆவணத்தில் பெயர் உள்ளவரிடம் கட்டுப்பாடு இல்லை என்பதே கேடு. நிலத் திட்டத்திலும் 'உடைமையாளர்' என்று எழுதப்பட்டவரிடம் கட்டுப்பாடு இல்லை. விளைவுகள் வேறு, பெயரும் கைப்பற்றும் பிரிந்து நிற்கும் அமைப்பு ஒன்றே.

கிராமக் கணக்கு காட்டும் விடை

தமிழ் நில வழக்கில் உடைமையும் அனுபோகமும் வேறு வேறு சொற்கள். குத்தகையிலும் வாரத்திலும் உடைமையாளர் நிலத்தை உழுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் தம் நிலத்தின் சர்வே எண் அவருக்குத் தெரியும், உழுபவரைத் தெரியும், பயிர் என்ன என்று தெரியும், குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. இந்நான்கும் இல்லாத ஒருவரைக் குத்தகைக்கு விட்ட நிலக்கிழாருக்கு ஒப்பிட்ட நிறுவனத்தின் வாதம், கிராம நிர்வாக அலுவலரின் முன் நிற்காது.

ஏனெனில் கிராமக் கணக்குகள் இவ்வேறுபாட்டை ஆண்டுதோறும் பதிகின்றன. பட்டாவும் சிட்டாவும் உடைமையைக் காட்டும். அடங்கல் எனப்படும் இரண்டாம் எண் கணக்கு, ஒவ்வொரு சர்வே எண்ணிலும் அந்தப் பசலியில் என்ன விளைந்தது, எவ்வளவு பரப்பு தரிசு என்பதைக் காட்டும். ஜூலை முதல் ஜூன் வரை ஒரு பசலி. செபி ஆணை வந்த 2014-15 என்பது பசலி 1424. நிறுவனம் சாகுபடி செய்ததாகக் கூறும் நிலத்தில் அடங்கல் தொடர்ந்து தரிசு என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே நிறுவனத்தின் விளம்பர ஏட்டுக்கு மறுமொழியாகும். அடங்கல் பதிவுகள் பல நேரங்களில் நிலத்தைப் பாராமலே எழுதப்படுவன என்ற குறை உண்டு. அதனால் அவற்றைத் தனிச்சான்றாகக் கொள்ளாமல் செயற்கைக்கோள் படங்களோடும் களவிசாரணையோடும் ஒப்பிடுவது தக்கது.

வில்லங்கச் சான்றிலோ வேறொரு சிக்கல் உண்டு. துணை நிறுவனங்களின் பெயரில் வாங்கப்பட்ட நிலத்தின் வில்லங்கச் சான்றில் பி.ஏ.சி.எல். என்ற பெயர் தோன்றாது. சொத்துகளை விற்கவோ மாற்றவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 ஜூலை 25 அன்று தடை விதித்தது. இதனை அறியாமல், முறையாகச் சான்று பார்த்து அந்நிலத்தை வாங்கும் உள்ளூர் உழவரும் தடைக்குட்பட்ட சொத்தில் சிக்கிக்கொள்ளலாம். தவணை செலுத்தியவரின் இழப்பைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, இந்த இரண்டாம் நிலை இழப்பு ஆய்வில் இடம்பெறவில்லை.

திருப்பித் தரப்பட்டது

லோதா குழு 2019 பிப்ரவரி முதல் இணையவழி விண்ணப்பங்களைப் பெற்றது. கடைசி நாள் ஜூலை 31 வரை நீட்டிக்கப்பட்டது. பதிவு எண், சான்றிதழ், ரசீது, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு வருமானவரி நிரந்தரக் கணக்கு எண்ணும் கேட்கப்பட்டது. வாரக்கூலி பெறும் ஒருவரிடம் அவ்வெண் இருப்பது அரிது. ரசீதில் உள்ள பெயரின் எழுத்தும் வங்கிக் கணக்கில் உள்ள எழுத்தும் வேறுபட்டால் விண்ணப்பம் குறைபாடுடையதாகிவிடும். தலைப்பெழுத்து மட்டும் கொண்ட தமிழ்ப் பெயர்களுக்கு இத்தொல்லை மிகுதி.

சிறு தொகைகளுக்கு முதலிடம் தரப்பட்டது. 2,500 ரூபாய் வரையிலான கோரிக்கைகளில் தொடங்கி, படிப்படியாக 19,000 ரூபாய் வரை எல்லை உயர்த்தப்பட்டது. அந்நிலை வரை 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்களுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் வழங்கப்பட்டது. திரட்டப்பட்ட தொகையில் இது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு. எஞ்சியது பெரும்பாலும் நிலமாகவே கிடக்கிறது. துண்டுதுண்டாகவும், பல பெயர்களிலும், வழக்குகளோடும் உள்ள புன்செயை ஏலத்தில் எடுக்க முன்வருவோர் குறைவு. வருவோரும் தொடக்கத்தில் காட்டப்பட்ட 'மதிப்பிடப்பட்ட விலை'க்கு அருகில்கூட வருவதில்லை.

கூட்டு முதலீட்டு ஒழுங்குமுறைகளின் கீழ்ச் செபியிடம் பதிவு பெற்று நடப்பது நெடுங்காலமாக ஒரே ஒரு நிறுவனம்தான். விதி வந்த பிறகு, திட்டங்கள் விதிக்குள் வரவில்லை. வேறு பெயர்களுக்குச் சென்றன. 2012இல் பெருந்துறையில் சரிந்த ஈமு கோழித் திட்டத்தில் நிலத்தின் இடத்தில் பறவை இருந்தது. அவ்வகைத் திட்டங்களின் மீது தமிழ்நாட்டில் நடவடிக்கை எடுக்கப் பயன்படுவது 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். அதனை உச்ச நீதிமன்றம் 2011இல் பாஸ்கரன் வழக்கில் உறுதிசெய்தது. பொருளாதாரக் குற்றப்பிரிவு அதன் கீழ்ச் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியே ஏலம் விடுகிறது. முடக்கப்பட்ட சொத்து வேளாண் நிலமாக இருக்கும்போது, ஏலம் முடியும்வரை அதனை உழுபவர் யார் என்பதற்கு அச்சட்டத்திலும் தெளிவான ஏற்பாடு இல்லை. கரிசலில் அவ்விடைவெளி ஐந்து பசலிகள் நீண்டால், ஏலத்திற்கு வருவது கருவேலங்காடாக இருக்கும்.